சந்தேகத்தோடு கும்பிடுகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்விகளில் பாதியை மற்றவர்கள் என்னிடம் கேட்டார்கள். மீதியை நானே ராத்திரியில் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். நான் குருவும் இல்லை, போதகரும் இல்லை. நம்பிக்கை உள்ளவன், அது வற்றிப்போன காலத்தையும் பார்த்தவன், அவ்வளவுதான். உதாரணங்கள் பல சமயங்களிலிருந்து வரும். உங்களுக்கு ஒட்டாததைத் தாண்டிப் போய்விடுங்கள், பரவாயில்லை.

கடவுள் கூடவே இருக்கிறார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே. என்னிடம்தான் கோளாறா?

கோளாறு என்றால் அன்னை தெரசாவுக்கும் அதே கோளாறு இருந்தது. 1948-ல் மடத்தைவிட்டு வெளியே வந்து ஏழைகளுக்கான வேலையைத் தொடங்கினார். கொஞ்ச காலத்திலேயே, அதுவரை அவர் நன்றாக உணர்ந்திருந்த கடவுளின் நெருக்கம் நின்றுபோனது. 1958-ல் சில வாரங்கள் திரும்பி வந்தது, மறுபடி போய்விட்டது. 1997-ல் இறக்கும்வரை பெரும்பாலும் அந்த இருட்டிலேயே இருந்தார். தனக்கு வழிகாட்டிய குருமார்களுக்கு இதையெல்லாம் கடிதங்களில் எழுதினார். அவற்றை அழித்துவிடும்படியும் கேட்டுக்கொண்டார். நல்லவேளை, அழிக்கவில்லை. 2007-ல் அச்சில் வந்தபோதுதான் அந்தச் சிரித்த முகத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்று வெளியே தெரிந்தது.

'பார், அவருக்கே நம்பிக்கை இல்லை' என்று அப்போது சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. நம்பிக்கை இல்லாதவர் அத்தனை வருடம் விடியற்காலையில் எழுந்து முழந்தாளிட மாட்டார். உணர்வு வேறு, உறவு வேறு என்பது எனக்கு உறைத்ததே அவர் கதையால்தான். பாசம் பொங்காத நாளிலும் அம்மா அம்மாதானே.

அப்படியானால் 'உணர்வது' என்று எதைச் சொல்கிறீர்கள்?

மயிர்க்கூச்செறிவது, கண்ணீர் வருவது, உடம்பு லேசாவது எல்லாம் வருகிறவர்களுக்கு வரும். வராதவர்களுக்கு எவ்வளவு முயன்றாலும் வராது. பாட்டுக் கேட்டு அழுகிறவரும் உண்டு, தாளம் மட்டும் போடுகிறவரும் உண்டு. இரண்டாமவருக்கு இசை பிடிக்காது என்று சொல்லிவிட முடியுமா? பக்தியிலும் அதுபோல சுபாவம் குறுக்கே வரும்.

என் விஷயத்தில், நடக்கும்போது தெரிவதே இல்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினொரு நாளும் வராந்தாவில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன். சுவர், மின்விசிறி, மருந்து வாடை. வேறு எதுவும் தட்டுப்படவில்லை. அவர் போய்விட்டார். ஆறேழு மாதம் கழித்து ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது: அந்தப் பதினொரு ராத்திரியில் ஒன்றில்கூட நான் தனியாக உட்கார்ந்திருக்கவில்லை. பக்கத்துக் கட்டில் நோயாளிக்குத் துணையாக வந்திருந்த ஒரு பெரியவர் தினமும் என் அருகில் வந்து உட்காருவார். பேசமாட்டார். எனக்குக் கண் சொருகினால் மட்டும் "தூங்கு தம்பி, அப்பா கூப்பிட்டா எழுப்புறேன்" என்பார். அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

நான் கேட்டது வேறு, கிடைத்தது அது. அதைக் கடவுள் என்பதா, ஒரு நல்ல மனிதர் என்பதா? எனக்கு இரண்டுக்கும் நடுவே கோடு போட வரவில்லை. நீங்கள் கோடு போட்டால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

எனக்குள் தோன்றுவது கடவுளா, என் மனசு பண்ணுகிற வேலையா? எப்படிப் பிரிப்பது?

முழுக்கப் பிரிக்க முடியாது. கடவுள் பேசினாலும் நம் மனசு வழியாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. ஆனால் ஒரு பழைய சோதனை இருக்கிறது, எனக்குப் பலமுறை உதவியது.

1521-ல் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் இஞ்ஞாசியார் என்ற வீரருக்குப் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்தது. மாதக்கணக்கில் படுக்கை. படிக்க வீரக் கதைகள் கேட்டார், வீட்டில் இருந்ததோ இயேசுவின் வாழ்க்கையும் புனிதர்களின் வரலாறும்தான். படுத்தபடி இரண்டு விதமாகப் பகல்கனவு கண்டார். ஒன்று, பெரிய வீரச் செயல் செய்து ஒரு சீமாட்டியின் மனதைக் கவர்வது. இன்னொன்று, அந்தப் புனிதர்களைப் போல வாழ்வது. நினைக்கும்போது இரண்டுமே இனித்தன. ஆனால் முதல் கனவு கலைந்ததும் மனசு காய்ந்துபோனது, இரண்டாவது கலைந்த பிறகும் ஒரு நிறைவு தங்கியது. அந்த வித்தியாசத்தைக் கவனித்ததிலிருந்துதான் அவருடைய ஆன்மிகப் பயிற்சி முறை முழுவதும் வளர்ந்தது.

அதனால் ஓர் எண்ணம் வரும்போது எப்படி இருந்தது என்பதைவிட, போகும்போது எதை விட்டுவிட்டுப் போனது என்று பாருங்கள். அதோடு என் பங்குக்கு ஒரு கேள்வி சேர்த்துக்கொள்வேன்: அந்த அனுபவத்துக்குப் பிறகு வீட்டில் இருக்கிறவர்களிடம் கொஞ்சம் பொறுமை வந்ததா, இல்லை அவர்களைவிட நான் ஒரு படி மேல் என்ற நினைப்பு வந்ததா? இரண்டாவது என்றால் எனக்குச் சந்தேகம்தான்.

அப்புறம், 'உன்னைப் பற்றிக் கடவுள் என்னிடம் சொன்னார்' என்று ஆரம்பித்துப் பணத்தில் போய் நிற்கிறவர் விஷயத்தில் எந்தச் சோதனையும் வேண்டாம். எழுந்து வந்துவிடுங்கள்.

தற்செயலாக நடப்பதை எல்லாம் அடையாளமாக எடுத்துக்கொள்ளலாமா?

ஜாக்கிரதையாக. 'அந்த பஸ்ஸைத் தவறவிட்டேன், அது கவிழ்ந்துவிட்டது, கடவுள் என்னைக் காப்பாற்றினார்' என்கிறோம். அதில் போனவர்களின் வீட்டார் முன்னால் நின்று இதைச் சொல்ல வாய் வருமா? வராது என்றால் அந்த வாக்கியத்தில் ஏதோ பிசகு இருக்கிறது. பிழைத்ததற்கு நன்றி சொல்லுங்கள், தாராளமாக. ஏன் நான், ஏன் அவர்கள் இல்லை என்று கணக்குப் போடப் போகாதீர்கள். பலித்த கனவு ஒன்றை ஞாபகம் வைத்துக்கொண்டு, பலிக்காத ஐம்பதை மறந்துவிடுகிற பிராணிகள் நாம்.

கடவுள் மேல் கோபமாக இருக்கிறேன். திட்டக்கூடச் செய்கிறேன். இது தப்பா?

திட்டுவதில் நமக்குப் பெரிய முன்னோர் இருக்கிறார்கள். சுந்தரருக்குக் கண் பார்வை போயிருந்தது. திருவாரூர் இறைவன் முன்னால் நின்று பாடிய பதிகத்தில் 'வாழ்ந்து போதீரே' என்று திரும்பத் திரும்ப முடிக்கிறார். நாங்கள் இப்படித் துன்பப்படுகிறோம், நீங்களாவது நன்றாக இருந்துவிட்டுப் போங்கள் என்று வயிறெரிந்து சொல்கிற தொனி. வேடிக்கை என்னவென்றால், கண் போனதற்குக் காரணம் அவர் பக்கம்தான். மனைவி சங்கிலியாரை விட்டுப் பிரியமாட்டேன் என்று கொடுத்த சத்தியத்தை மீறினார் என்பது புராணம். தப்புத் தன் பேரில் இருந்தும் சண்டைக்குப் போனார், தம்பிரான் தோழர் என்ற பெயருக்கு ஏற்றபடி. அந்தப் பதிகத்தைத் தேவாரத்திலிருந்து யாரும் எடுத்துவிடவில்லை. ஆயிரம் வருடங்களுக்கும் மேலாகச் சாமி முன்னாலேயே பாடுகிறார்கள்.

பைபிளிலும் அப்படித்தான். 88-ம் சங்கீதம் முறையீட்டில் ஆரம்பித்து முறையீட்டிலேயே முடிகிறது. கடைசி வரியில்கூட ஆறுதல் கிடையாது. சிலுவையில் தொங்கிய இயேசு சொன்ன 'ஏன் என்னைக் கைவிட்டீர்' என்பதும் 22-ம் சங்கீதத்தின் முதல் வரிதான்.

நான் கவலைப்படுவது கோபக்காரர்களைப் பற்றி இல்லை. வாரம் தவறாமல் போய், எல்லாம் மரியாதையாகச் செய்து, உள்ளே பேச்சை நிறுத்திவிட்டவர்களைப் பற்றித்தான். அப்பா இறந்த பிறகு நான் அப்படித்தான் இருந்தேன். கத்தியிருந்தால் சீக்கிரம் தேறியிருப்பேன்.

'எல்லாம் நன்மைக்கே' என்கிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை.

நானும் அந்த வாக்கியத்தை விட்டுவிட்டேன். நம் வாயிலிருந்து நம் துன்பத்தைப் பற்றி வந்தால் அது நம்பிக்கையாக இருக்கலாம். அடுத்தவர் துன்பத்தைப் பற்றி வந்தால் பெரும்பாலும் அவரைச் சீக்கிரம் வாயடைக்கிற வேலைதான். பைபிளில் எல்லாவற்றையும் இழந்து தவிக்கும் யோபுவின் நண்பர்கள், அவர் பட்ட ஒவ்வொரு கஷ்டத்துக்கும் காரணம் கண்டுபிடித்துச் சொன்னார்கள். கதையின் முடிவில் கடவுள் கோபித்துக்கொள்வது கடவுளையே கேள்வி கேட்ட யோபுவிடம் இல்லை, கடவுளுக்காக வாதாடிய அந்த நண்பர்களிடம்.

ரொம்பக் களைத்துப்போய்விட்டேன். பிரார்த்தனை செய்யவே தெம்பு இல்லை.

பைபிளில் வரும் எலியா தீர்க்கதரிசி உயிருக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடினார். ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து 'போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும்' என்றார். அதற்கு மேலிருந்து உபதேசம் எதுவும் வரவில்லை. தூங்கிவிட்டார். ஒரு தூதன் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். அப்பமும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டார், மறுபடி தூங்கினார். மறுபடி எழுப்பி மறுபடி சாப்பிடச் சொன்னான், போக வேண்டிய வழி தூரம் என்று காரணமும் சொன்னான். அதன் பிறகுதான் ஓரேப் மலைப் பயணம். அங்கே பெருங்காற்று வந்தது, பூமி அதிர்ந்தது, நெருப்பு வந்தது. மூன்றிலும் கடவுள் இல்லை. கடைசியில் வந்தது 'அமர்ந்த மெல்லிய சத்தம்'.

மெல்லிய சத்தத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கு முன்னால் நடந்த இரண்டு சாப்பாட்டையும் இரண்டு தூக்கத்தையும் பற்றி யாரும் பேசுவதில்லை. உடம்பு ஓய்ந்து கிடக்கும்போது தூங்குவதே அன்றைய பிரார்த்தனை. எழுந்ததும் ஏதாவது சாப்பிடுங்கள். மற்றது நாளைக்கு.

எனக்கு வந்திருப்பது ஆன்மிக வறட்சியா, மனச்சோர்வு நோயா?

இதைக் கேட்டதே நல்லது. பக்தியில் மட்டும் சுவை போய், நண்பர்களோடு சிரிக்க முடிகிறது, வேலையில் மனசு பதிகிறது, சாப்பாடு இறங்குகிறது என்றால் பெரும்பாலும் வறட்சி. எதிலுமே பிடிப்பு இல்லை, தூக்கமும் பசியும் கெட்டுப்போயின, எதற்கும் லாயக்கில்லாதவன் என்ற நினைப்பு விடாமல் துரத்துகிறது, இது இரண்டு வாரத்துக்கு மேலாக நீடிக்கிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். செத்துவிடலாம் என்று தோன்றினால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. மாத்திரை சாப்பிடுவது நம்பிக்கைக் குறைவு என்று யாராவது சொன்னால், கண்ணாடி போட்டுக்கொண்டு வேதம் வாசிப்பது பரவாயில்லையா என்று கேளுங்கள்.

இன்னொன்று. வீட்டில் அடி வாங்குகிறவரிடம் 'இது கடவுள் வைக்கிற சோதனை, பொறுத்துக்கொள்' என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். அதைக் கேட்காதீர்கள். அங்கிருந்து வெளியேற வழி தேடுங்கள்.

ஒன்றுமே தோன்றாத காலத்தில் பிரார்த்தனையை நிறுத்திவிடலாமா?

இஞ்ஞாசியார் இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறார்: மனசு இருண்டிருக்கும்போது, தெளிவாக இருந்த நாளில் எடுத்த முடிவை மாற்றாதே. நான் அதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். நிறுத்த வேண்டாம், ஆனால் சுருக்கிக்கொள்ளலாம். அரை மணி நேரம் உட்கார்ந்தவர் இரண்டு நிமிடம் உட்காரட்டும். சொந்த வார்த்தை வராவிட்டால் மனப்பாடமானதைச் சொல்லுங்கள். அர்த்தம் ஒட்டாமல் சொல்கிறோமே என்ற உறுத்தல் வரும், வரட்டும். வீட்டுக்குள் நுழையும்போது 'வந்துட்டேன்' என்று தினமும் சொல்கிறோம், தினமும் அர்த்தத்தோடா சொல்கிறோம்? சொல்லாத அன்றைக்குத்தான் உள்ளே இருப்பவர் எட்டிப் பார்க்கிறார்.

வேலை, பிள்ளைகள், அலைச்சல். இதற்கு நடுவே கடவுளை எங்கே தேடுவது?

17-ம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடம் ஒன்றில் லாரன்ஸ் என்ற சகோதரர் இருந்தார். முன்னாள் சிப்பாய், பெரிய படிப்பு இல்லை, மடத்தில் சமையலறை வேலை. அந்த வேலை அவருக்குச் சுபாவத்திலேயே பிடிக்காது என்பதுதான் கதையில் எனக்குப் பிடித்த இடம். பாத்திரச் சத்தமும், நாலு பேர் நாலு பக்கம் கூப்பிடுவதுமாக இருக்கும் அந்த அடுப்படியிலும், பீடத்தின் முன் முழந்தாளிட்டிருப்பதைப் போலவே கடவுளோடு இருக்க முடிகிறது என்று பின்னாளில் சொன்னார். பின்னாளில் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். முதல் பத்து வருடம் பெரிய தவிப்பிலேயே போனது என்றும் அவரே சொல்லியிருக்கிறார்.

அவர் செய்தது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கையில் இருக்கும் வேலையைச் செய்தபடியே கடவுளிடம் இரண்டு வார்த்தை பேசுவது, மறந்துபோனால் அலட்டிக்கொள்ளாமல் மறுபடி ஆரம்பிப்பது. மறுபடி ஆரம்பிப்பதுதான் பயிற்சியே. நீங்களும் செய்து பார்க்க வேண்டுமென்றால், ஒரு நாளில் பலமுறை வரும் ஒரு சின்னக் காரியத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் முதலில் செல்போனைத் திறக்கும்போதெல்லாம் ஒரு வரி சொல்வது என்று வைத்தேன். படுதோல்வி. திறந்த வேகத்தில் கடவுளும் மறந்துபோகும், எதற்குத் திறந்தேன் என்பதும் மறந்துபோகும். இப்போது குழாயில் கை கழுவும்போது. பத்துக்கு நாலு தடவை ஞாபகம் வருகிறது.

இந்த வறட்சி எத்தனை நாள் இருக்கும்?

தெரியாது. லாரன்ஸுக்குப் பத்து வருடம். பிரான்ஸ் நாட்டுத் துறவி, லிசியே நகர்த் தெரேசாளுக்கு வாழ்வின் கடைசி ஒன்றரை வருடம் நம்பிக்கையே இருண்டு கிடந்தது. 1897-ல் 24 வயதில் இறந்தார். அன்னை தெரசாவின் கணக்கு மேலே இருக்கிறது. நபிகள் நாயகத்துக்கே இறைச்செய்தி வருவது இடையில் சிறிது காலம் நின்றிருந்தது. 'உன் இறைவன் உன்னைக் கைவிடவும் இல்லை, வெறுக்கவும் இல்லை' என்ற பொருளில் குர்ஆனின் 93-ம் அத்தியாயம் வந்தது அதன் பிறகுதான் என்று சொல்வார்கள். ஆகவே 'நாற்பது நாளில் சரியாகிவிடும்' என்கிற மாதிரி யாராவது தேதி கொடுத்தால் நம்பாதீர்கள்.

சந்தேகப்படுவது பாவமா?

இல்லை. காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று சொன்ன சீடர் தோமாவை இயேசு வெளியே போகச் சொல்லவில்லை. கையை நீட்டச் சொன்னார்.

ஒரு காலத்தில் நிச்சயமாக உணர்ந்தேன். இப்போது அதுவே பொய்யோ என்று தோன்றுகிறது.

கணித மேதை பாஸ்கலுக்கு 1654 நவம்பர் 23-ம் தேதி இரவு, சுமார் பத்தரை மணியிலிருந்து பன்னிரண்டரை மணிவரை, ஏதோ நடந்தது. 'நெருப்பு' என்று ஆரம்பித்துச் சில வரிகள் எழுதி வைத்தார். அதைத் தன் கோட்டுத் துணிக்குள் வைத்துத் தைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. 1662-ல் அவர் இறந்த பிறகு வேலைக்காரர் ஒருவர் கோட்டு தடித்திருப்பதைப் பார்த்துப் பிரித்தபோதுதான் அகப்பட்டது.

அத்தனை பெரிய மூளைக்காரர், ஞாபகத்தை நம்பாமல் தைத்து வைத்தார் பாருங்கள். மனசு பின்னால் பேரம் பேசும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீங்களும் எழுதி வையுங்கள். தேதி, நேரம், என்ன நடந்தது என்பதை மட்டும், விளக்கம் சேர்க்காமல். என் நோட்டில் பதினாலு வருடத்தில் ஒன்பது பதிவுதான் இருக்கிறது. ஆறாவது பதிவை இப்போது படித்தால் வெறும் காய்ச்சல் மயக்கம் என்று தோன்றுகிறது. அடித்துவிடவில்லை. அன்றைக்கு எழுதியவனுக்கும் ஒரு வாய்ப்பு இருக்கட்டும்.

எனக்குத் தெரிந்தவர் ஒருவர் நம்பிக்கை இழந்து தவிக்கிறார். என்ன சொல்வது?

யோபுவின் நண்பர்களை மேலே குறை சொன்னேன். ஒன்றை மட்டும் அவர்கள் சரியாகச் செய்தார்கள். வந்ததும் அவரோடு தரையில் உட்கார்ந்து, ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

போய் உட்காருங்கள். அவர் கடவுளைத் திட்டினால் கடவுளுக்கு வக்கீலாகப் போகாதீர்கள். தூங்கி எத்தனை நாளாயிற்று என்று மட்டும் கேளுங்கள். கண் சொருகினால் படுக்கச் சொல்லிவிட்டு, அவர் எதிர்பார்க்கிற போன் வந்தால் எழுப்புவதாகச் சொல்லுங்கள். சொன்னபடி எழுப்பியும் விடுங்கள்.